ரயில் டைம்டேபிளோடு வந்த ரத்தக் காட்டேரி! - 'டிராகுலா' நாவலை இன்றும் நம்ப வைக்கும் நிஜங்கள்

முதல் பக்கத்தில் பேய் இல்லை. ரயில்தான் இருக்கிறது.

மே 1ஆம் தேதி இரவு 8.35க்கு மியூனிக்கில் கிளம்பிய ஒரு இளம் வக்கீல், மறுநாள் காலை வியன்னாவில் இறங்குகிறார். 6.46க்கு வர வேண்டிய வண்டி ஒரு மணி நேரம் லேட். அதை டைரியில் எழுதி வைக்கிறார். வழியில் ஒரு ஹோட்டலில் மிளகாய் போட்டுச் சமைத்த கோழிக்கறி சாப்பிடுகிறார். ருசி பிரமாதம், ஆனால் தாகம் எடுக்கிறது. 'மினாவுக்கு இந்த ரெசிபி வாங்கிப் போக வேண்டும்' என்ற அர்த்தத்தில் ஒரு குறிப்பும் எழுதிக்கொள்கிறார். மினா, அவர் கட்டிக்கொள்ளப் போகும் பெண்.

உலகத்தின் மிகப் பிரபலமான ரத்தக் காட்டேரி நாவல் ஆரம்பிப்பது இப்படித்தான். பிராம் ஸ்டோக்கர் எழுதி 1897 மே மாதம் லண்டனில் வெளியான 'டிராகுலா'. சினிமாவில் பார்த்து, கார்ட்டூனில் பார்த்து, கறுப்பு அங்கியும் கோரைப் பல்லும் மனசில் பதிந்துபோனவர்களுக்கு நாவலின் முதல் சில பக்கங்கள் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். 'என்னப்பா இது, பயணக் கட்டுரை மாதிரி இருக்கே' என்று தோன்றும். கொஞ்சம் பொறுத்தால் விஷயம் புரியும். லேட்டாக வந்த ரயிலை நம்பியவர், கோழிக்கறியை நம்பியவர், அடுத்து வரும் கோட்டையையும் நம்பித்தானே ஆக வேண்டும்?

நம் ஊர்ப் பாட்டிகளுக்கு இந்த வித்தை அத்துப்படி. 'ஒரு ஊர்ல ஒரு பேய் இருந்துச்சு' என்று எந்தப் பாட்டியும் பேய்க்கதை சொன்னதில்லை. 'நம்ம மேலத்தெரு மாமா இருக்காருல்ல, அவரு ரெண்டாம் ஆட்டம் படம் பார்த்துட்டு சைக்கிள்ல வர்றாரு. வாய்க்கா பாலத்துக்கிட்ட செயின் கழண்டுபோச்சு...' என்றுதான் கதை தொடங்கும். மாமா நிஜம், பாலம் நிஜம், செயினும் நிஜம். அதற்கப்புறம் புளியமரத்தில் உட்கார்ந்திருப்பதை நம்பாமல் இருக்க முடியாது. தொண்ணூறுகளில் 'மர்மதேசம்' பார்த்து வளர்ந்தவர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான்.

கல்லறையில் பெயர் எடுத்தவர்

ஸ்டோக்கர் முழு நேர எழுத்தாளர் அல்ல. லண்டனில் லைசியம் தியேட்டரின் பிசினஸ் மேனேஜர். ஹென்றி இர்விங் என்ற பெரிய நடிகரின் நிழலாகவே பல வருடங்கள் ஓடியவர். கணக்கு வழக்கு, கடிதங்கள், டூர் ஏற்பாடு எல்லாம் இவர் தலையில்தான். எத்தனை மணிக்கு ரயில், எங்கே தங்குவது, எத்தனை பெட்டி சாமான் என்று பார்த்துப் பார்த்துச் செய்த மனிதர் எழுதிய நாவல் இது. அந்த வாசனை கடைசிப் பக்கம் வரை போகாது.

நாவலுக்காகக் குறிப்பெடுக்க ஆரம்பித்தது 1890ல். அந்தக் கோடையில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் இருக்கும் விட்பி என்ற ஊருக்கு லீவுக்குப் போனார். மீன்பிடித் துறைமுகம், குன்றின் மேல் இடிந்துபோன பழைய மடம், பக்கத்தில் செயின்ட் மேரி தேவாலயம், அங்கே ஏறிப்போக 199 படிகள். மற்றவர்கள் கடற்காற்று வாங்கப் போன ஊரில், இவர் கல்லறைத் தோட்டத்தில் நின்று பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நாவலில் வரும் ஸ்வேல்ஸ் என்ற கிழவரின் பெயர் அப்படிக் கிடைத்ததுதான். மீனவர்களின் வட்டார வார்த்தைகளைச் சேகரித்தார். கடலோரக் காவல் ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தார்.

அப்போது கிடைத்தது ஒரு கப்பல். 1885 அக்டோபரில் 'டிமிட்ரி' என்ற ரஷ்யக் கப்பல் புயலில் சிக்கி விட்பி கடற்கரை மணலில் தரை தட்டியிருந்தது. சுமை, வெறும் வெள்ளி மணல். புறப்பட்ட துறைமுகம் நார்வா. நாவலில் அதுவே 'டிமிட்டர்' ஆனது, நார்வா என்பதை எழுத்து மாற்றிப் போட்டு வர்னா ஆக்கினார். மணல் அப்படியே இருக்கிறது. கூடவே மண் நிரப்பிய 50 மரப்பெட்டிகள். சுக்கானோடு தன்னைக் கட்டிக்கொண்டு செத்துக்கிடக்கும் கேப்டன். கப்பல் மணலில் மோதியதும் ஒரு பெரிய நாய் துள்ளிக் குதித்துக் குன்றை நோக்கி ஓடுகிறது. அந்த மணல்திட்டையும் குன்றையும் இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

டிராகுலா என்ற பெயரும் விட்பியில் கிடைத்ததே. அங்கிருந்த நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் என்பவர் 1820ல் எழுதிய, வல்லாகியா, மால்டேவியா பகுதிகளைப் பற்றிய புத்தகத்தை எடுத்துப் படித்தார். வல்லாகியா மொழியில் 'டிராகுலா' என்றால் பிசாசு என்று ஒரு அடிக்குறிப்பு. அதுவரை ஸ்டோக்கர் தன் வில்லனுக்கு வைத்திருந்த பெயர் 'வாம்பிர்' பிரபு. நல்லவேளை, அடிக்குறிப்பு வரை படிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது.

டிரான்சில்வேனியாவுக்கு அவர் போனதே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. மலைப்பாதை, கிராமத்து ஜனங்கள், பூண்டு, சிலுவை எல்லாமே புத்தகங்களிலிருந்து எடுத்தவை. லண்டன் லைப்ரரியில் அவர் கோடு போட்டுப் படித்த பழைய புத்தகங்கள் இருந்ததை 2018ல் கண்டுபிடித்தார்கள். நூலகப் புத்தகத்தில் பென்சிலால் கிறுக்குவது அன்றைக்கும் இருந்திருக்கிறது!

நம் வேதாளத்துக்கும் இந்தக் கதையில் ஒரு சின்ன இடம் உண்டு. ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலேயப் பயணி, விக்கிரமாதித்தன் - வேதாளம் கதைகளை 1870ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். தலைப்பிலேயே வேதாளத்தை 'வேம்பயர்' ஆக்கிவிட்டார். முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு புதிர் போடும் நம் வேதாளம் யார் ரத்தத்தையும் குடித்ததில்லை, அது வேறு விஷயம். இந்த பர்ட்டனை ஸ்டோக்கர் நேரில் சந்தித்துப் பழகியிருக்கிறார். பேசும்போது அவருடைய மேல் உதடு தூக்கி, கோரைப் பல் பளிச்சென்று தெரிந்ததைப் பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

அம்மா சொன்ன கதை

பயம் மட்டும் புத்தகத்திலிருந்து வரவில்லை. அது வீட்டிலிருந்து வந்தது.

ஸ்டோக்கர் 1847ல் அயர்லாந்தின் டப்ளின் பக்கத்தில் பிறந்தவர். ஏழு வயது வரை எழுந்து நடமாட முடியாமல் படுக்கையிலேயே கிடந்த குழந்தை. என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. படுத்திருந்த பிள்ளைக்கு அம்மா சார்லட் கதை சொன்னார். தேவதைக் கதை அல்ல. 1832ல், தான் சிறுமியாக ஸ்லைகோ நகரத்தில் இருந்தபோது காலரா வந்து ஊரே காலியான கதை. பின்னாளில் மகனுக்காக அதை எழுதியும் கொடுத்தார்.

அதில் ஒரு சார்ஜென்ட் வருகிறார். நெட்டையான ஆள். இறந்துவிட்டார் என்று சவப்பெட்டியில் வைக்கப் பார்த்தால் பெட்டி பத்தவில்லை. காலை உடைத்து மடக்கி வைக்கலாம் என்று சுத்தியலால் ஒரு அடி போட்டதும், 'பிணம்' அசைந்து எழுந்துவிட்டதாம். வழியில் சுருண்டு விழுந்த ஒரு பயணியைத் தொடப் பயந்த ஜனங்கள், நீளக் கம்புகளால் குழிக்குள் தள்ளி உயிரோடு மூடிய கதையும் உண்டு. சாகாமலே புதைக்கப்பட்டவர்கள், புதைத்த பிறகும் எழுந்தவர்கள். ஆறு வயதுக் குழந்தை படுக்கையில் கிடந்து கேட்ட கதை இது. நாவலுக்கு அவர் கடைசி நிமிடம் வரை வைத்திருந்த தலைப்பு 'இறவாதவர்' என்று பொருள்படும் சொல் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

நாவலின் முதல் பாதியில் மனசைப் பிசைகிற பகுதி லூசி என்ற பெண்ணுடையது. துறுதுறுவென்று இருந்த 19 வயதுப் பெண் நாளுக்கு நாள் வெளுத்துப்போகிறாள். மூச்சு வாங்குகிறது. ராத்திரி தூங்கவே பயப்படுகிறாள். டாக்டர் வருகிறார், பார்க்கிறார், காரணம் தெரியவில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவர் ரத்தம் கொடுக்கிறார். ஒரு நாள் தேறுகிறாள், மறுநாள் மறுபடி படுத்துவிடுகிறாள். மொத்தம் நான்கு ஆண்கள் ரத்தம் கொடுக்கிறார்கள். யாருக்கு என்ன குரூப் என்ற பேச்சே இல்லை. ஏனென்றால் கார்ல் லேண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைக் கண்டறிந்து வெளியிட்டது 1901ல்தான். இன்று படிக்கும் நர்ஸ் யாராவது இருந்தால், 'காட்டேரி கொன்றதா, நீங்கள் ஏற்றிய ரத்தம் கொன்றதா?' என்று கேட்டுவிடுவார்.

வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் நாள் கணக்கில் இருந்து, பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து விடியக் காத்திருந்தவர்களுக்கு அந்த அத்தியாயங்கள் பேய்க்கதையாகவே தெரியாது. காவலுக்கு விழித்திருப்பவர் அசந்து தூங்கிவிடுவதும், காலையில் முகத்தைப் பார்த்துப் பதறுவதும் எந்த ஊருக்கும் பொது.

நிஜத்தில் தோண்டப்பட்ட கல்லறை

லூசியின் கதை காகிதத்தில் வருவதற்கு ஐந்து வருடம் முன்பு, அமெரிக்காவில் ஒரு நிஜ வீட்டில் இதேபோல நடந்தது. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் எக்ஸிட்டர் என்ற கிராமம். பிரவுன் என்ற விவசாயக் குடும்பம். அம்மாவும் மூத்த மகளும் காசநோயில் போய்விட்டார்கள். 1892 ஜனவரியில் இன்னொரு மகள் மெர்ஸி, 19 வயதில் அதே நோயில் இறந்தாள். மகன் எட்வினும் அதே நோயில் படுத்திருந்தான்.

செத்துப்போனவர்களில் யாரோ ஒருவர்தான் உயிரோடிருப்பவன் ரத்தத்தை உறிஞ்சுகிறார் என்று அக்கம்பக்கத்தார் முடிவு கட்டினார்கள். அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மிச்சமிருக்கும் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்று நாலு பேர் வந்து நின்றால் எந்த அப்பா மறுப்பார்? மார்ச் மாதம் மூன்று உடல்களையும் பார்த்தார்கள். பழைய இரண்டும் எலும்பாகியிருந்தன. மெர்ஸியின் உடல் கெடவில்லை, இதயத்தில் ரத்தம் இருந்தது. இறந்து இரண்டு மாதம், அதுவும் கடுங்குளிர் காலம். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். யாரும் கேட்கவில்லை. இதயத்தை எரித்து, சாம்பலைக் கலக்கி அண்ணனுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அவனும் இறந்துவிட்டான்.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோச் கண்டுபிடித்து அப்போது பத்து வருடம் ஆகியிருந்தது.

அந்த வட்டாரத்தில் இப்படிக் கல்லறைகளைத் தோண்டிய விவகாரம் பற்றி 1896ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வந்த கட்டுரை, ஸ்டோக்கரின் குறிப்புகளுக்கு நடுவே கத்தரித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குறிப்புக் கட்டு இப்போது பிலடெல்பியாவில் ரோசன்பாக் மியூசியத்தில் இருக்கிறது. நாவலில் லூசியின் கல்லறையைத் திறக்கும் காட்சியைப் படித்துவிட்டு மெர்ஸியை நினைத்தால் கை நடுங்கும். கதையில் அந்த ஆண்கள் செய்வது சரி, ஏனென்றால் கதையில் காட்டேரி நிஜம். எக்ஸிட்டரில் இருந்தது ஒரு குடும்பத்தின் துக்கமும், பக்கத்து வீட்டாரின் பயமும் மட்டும். ஒரு பேய் நாவலை ரசிப்பதற்கும் பேயை நம்புவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதை அந்த அப்பாவைவிட யாரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

ஃபைல் போட்டுப் பிடித்தார்கள்

டிராகுலாவை மடக்குவது மந்திரவாதி இல்லை, மினா. ஆமாம், ரெசிபிக்காகக் காத்திருந்த அதே பெண்தான். பள்ளி ஆசிரியை. சுருக்கெழுத்து தெரியும், டைப்ரைட்டிங் தெரியும், ரயில் நேரங்கள் மனப்பாடம்.

நாவல் முழுக்க டைரி, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி, கப்பல் பதிவேடு என்று துண்டு துண்டாகத்தான் வரும். ஒரு டாக்டர் தன் டைரியை அப்போது புதிதாக வந்திருந்த ஃபோனோகிராஃப் உருளையில் பேசிப் பதிவு செய்கிறார். இன்றைய வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் மாதிரி. எல்லாவற்றையும் வாங்கி, டைப் செய்து, நகல் எடுத்து, தேதிவாரியாக அடுக்குகிறார் மினா. அப்போதுதான் இத்தனை பேருக்குத் தனித்தனியாக நடந்தது ஒரே கதை என்று அவர்களுக்கே தெரியவருகிறது.

டிராகுலா லண்டனுக்கு வந்ததும் காற்றில் பறந்தல்ல. வக்கீல் வைத்து வீடு வாங்கி, சரக்குக் கப்பலில் பெட்டிகளை அனுப்பி, விட்பியிலிருந்து கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனுக்கு ரயிலில் ஏற்றி, அங்கிருந்து வண்டிக்காரர்களை வைத்து வீட்டில் இறக்கி... எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது. அந்தப் பில்களைத் தேடித்தான் பெட்டிகளைக் கண்டுபிடிக்கிறார்கள். சுமை தூக்கியவர்களுக்குத் தாகசாந்திக்குக் காசு கொடுத்தால் தகவல் தாராளமாக வருகிறது. இன்றைக்கு நாம் பார்சல் டிராக்கிங் பார்ப்பதுபோல அன்று ஒரு காட்டேரியை டிராக் செய்திருக்கிறார்கள். சிலுவையும் பூண்டும் இருக்கின்றன, இல்லையென்று இல்லை. ஆனால் முக்கால்வாசி வேலையை முடிப்பது ரசீதுகள்தான்.

நடுவில் ஆண்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். 'பாவம், பெண்பிள்ளை. இதெல்லாம் அவளுக்கு எதற்கு? இனிமேல் அவளிடம் எதையும் சொல்ல வேண்டாம்' என்று நல்ல மனசோடு முடிவெடுக்கிறார்கள். மினாவைத் தனியே தூங்கச் சொல்லிவிட்டு வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். டிராகுலா நேராக மினாவிடம் வருகிறார். தனக்கு என்ன நடக்கிறது என்றுகூட அவளுக்குப் புரிவதில்லை, ஏனென்றால் யாரும் எதையும் சொல்லவில்லை. திரும்ப அவளைக் கூட்டத்தில் சேர்த்த பிறகுதான் விஷயம் தேறுகிறது. டிராகுலா எந்த ஆற்று வழியாகத் தப்பிப் போவார் என்று வரைபடம் வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்வதும் அவள்தான். 125 வருடத்துக்கு மேல் பழைய நாவலில் இந்த ஒரு திருப்பம் இன்றைய குடும்ப வாட்ஸ்அப் குரூப் வரை பொருந்துகிறது.

சினிமா சொன்ன பொய்கள்

நாவலைத் திறப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சினிமாவில் பார்த்த பல விஷயம் இதில் கிடையாது. வெயில் பட்டால் சாம்பலாவது 1922ல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' படத்தின் சரக்கு. புத்தகத்தில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் பிக்கடிலி தெருவில் நடந்து போகிறார், சக்தி மட்டும் குறைவு. போன ஜென்மத்து மனைவியைத் தேடி வரும் காதல் கதையும் நாவலில் கிடையாது. முதலில் பார்க்கும்போது அவர் வெள்ளை மீசைக் கிழவர், ரத்தம் குடிக்கக் குடிக்க இளமையாகிறார். அந்த 1922 படம் ஸ்டோக்கர் குடும்பத்தின் அனுமதி இல்லாமல் எடுத்தது. அவர் மனைவி ஃபுளோரன்ஸ் கோர்ட்டுக்குப் போய், பிரதிகளை அழிக்க உத்தரவும் வாங்கினார். தப்பிய சில பிரதிகளால்தான் படம் இன்று இருக்கிறது. ஸ்டோக்கர் 1912லேயே இறந்துவிட்டார், இந்த நாவலால் பெரிதாகச் சம்பாதிக்காமலே.

விட்பி இப்போது டிராகுலா ஊராகவே ஆகிவிட்டது. நாவலின் 125ஆவது ஆண்டில், 2022 மே 26 அன்று, 1,369 பேர் காட்டேரி வேஷத்தில் அந்த மடத்தில் கூடி கின்னஸ் சாதனை செய்தார்கள். தேவாலயத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் டிராகுலாவின் கல்லறை எங்கே என்று கேட்டுக் கேட்டு, அப்படி ஒன்று இங்கே இல்லை, தயவுசெய்து கேட்காதீர்கள் என்று அறிவிப்பே வைக்க வேண்டி வந்தது. ருமேனியாவில் பிரான் கோட்டையை டிராகுலா கோட்டை என்று காட்டுகிறார்கள். நாவலில் வரும் கோட்டை இருப்பதோ வடக்கே வெகுதூரத்தில், போர்கோ கணவாய்ப் பக்கம். செல்ஃபி எடுப்பவர்களுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

படிக்க நினைப்பவர்களுக்கு நல்ல செய்தி, காப்புரிமை முடிந்துவிட்டதால் ஆங்கில மூலம் 'புராஜெக்ட் குடன்பர்க்' தளத்தில் இலவசம். போனிலேயே படிக்கலாம். முதல் நான்கு அத்தியாயங்கள் ஒரே மூச்சில் ஓடும். பேராசிரியர் வான் ஹெல்சிங் வாயைத் திறந்தால் மூட மாட்டார், அந்த இடங்களில் கண்ணை வேகமாக ஓட்டலாம். விட்பிக் கிழவரின் வட்டாரப் பேச்சு புரியாவிட்டால் கவலை வேண்டாம், ஆங்கிலேயர்களே தடுமாறும் பகுதி அது. நாடோடி மக்களையும் வெளிநாட்டவரையும் காட்டும் விதத்தில் அந்தக் காலத்து இளக்காரம் அப்பட்டமாகத் தெரியும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நாவல் மே 3ல் தொடங்கி நவம்பரில் முடிகிறது. அதனால் அந்தந்தத் தேதியில் நடப்பதை அந்தந்தத் தேதியில் மின்னஞ்சலில் அனுப்பும் 'டிராகுலா டெய்லி' என்ற முயற்சி 2021ல் தொடங்கியது, அடுத்த வருடம் பெரிய அளவில் பிரபலமானது. ஹார்க்கரிடமிருந்து நாலைந்து நாள் தகவல் இல்லையென்றால் படிப்பவர்களும் நாலைந்து நாள் காத்திருக்க வேண்டும். மினாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரியும்.

கடைசிப் பக்கத்தை மட்டும் அவசரத்தில் விட்டுவிடக் கூடாது. ஏழு வருடம் கழித்து எழுதிய ஒரு சின்னக் குறிப்பு அங்கே இருக்கிறது. மூலக் கையெழுத்துப் பிரதியையும் ஃபோனோகிராஃப் உருளைகளையும் டிராகுலா ஒரு ராத்திரி நெருப்பில் போட்டுவிட்டார். இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த நகல் தப்பியது. அதனால் கையில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் டைப் செய்த காகிதங்கள்தான், இதை வைத்து யாரையும் நம்பச் சொல்ல முடியாது என்று ஹார்க்கரே ஒப்புக்கொள்கிறார்.